வீடும் வளவும்: முகட்டில் ஓடுவது யார்?



சென்ற மாதம் எமக்கு வந்த கடிதங்களில் மூன்று ஒரே விடயத்தைப் பற்றியவை. கூரைக்குள் சத்தம். "நடுச்சாமத்தில் யாரோ நடப்பது போல் இருக்கிறது. வீட்டில் நானும் இரண்டு பிள்ளைகளும்தான். எழும்பி லைற்றைப் போட்டால் நின்றுவிடுகிறது. பிறகு விடியும் வரை எனக்கு நித்திரை இல்லை" என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்.

எலிதானே என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விடயம் இல்லை இது. ஷெல் விழுந்த காலத்தில் கூரையைப் பார்த்தபடியே படுத்துப் பழகியவர்கள் நாங்கள். 2011 ஆகஸ்டில் கிறீஸ் மனிதன் என்ற பீதி வடக்கிலும் கிழக்கிலும் பரவியபோது எத்தனையோ பெண்கள் இரவிரவாகக் குந்திக்கொண்டு இருந்தார்கள். தனியே பிள்ளைகளுடன் இருக்கும் பெண்ணுக்குத் தலைக்கு மேல் ஒரு சத்தம் கேட்டால் நெஞ்சு இடிப்பது இயல்பு. அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சத்தம் எதனுடையது என்று கண்டுபிடிக்க இயலும். அதற்குக் காது, ஒரு ரோச் லைற், கொஞ்சம் சாம்பல் போதும்.

முதலில் நேரத்தைக் கவனியுங்கள். பகலில், அதுவும் காலையில் கேட்கும் குடுகுடு ஓட்டம் அணிலுடையது. இருட்டியவுடன் தொடங்கி, இடையில் ஓய்ந்து, விடியப்புறம் மீண்டும் கேட்பது எலி. எலியின் ஓட்டம் ஒரே பாதையில், வளை வழியே அல்லது சுவர் ஓரமாகப் போகும். இடையில் கொறிக்கும் சத்தமும் கேட்கும். மாலையில் ஒரு சலசலப்பு, பிறகு இரவு முழுக்க அமைதி, விடியும்போது மீண்டும் கீச்சொலி என்றால் அநேகமாக வௌவால்.

மனிதன் நடப்பது போல், "தொம் தொம்" என்று பாரமாகக் கேட்டால் அது பெரும்பாலும் மரநாய். எடை சில கிலோதான் இருக்கும். ஆனால் மரத்திலிருந்து தகரத்தில் குதித்தால் ஆள் குதித்தது போலவே இருக்கும். மரநாய் வந்து போன இடத்தில் இறம்பை இலை போன்ற ஒரு வாசம் நிற்கும். அதன் எச்சத்தில் பழக்கொட்டைகள் முழுசாகக் கிடக்கும். உண்மையாக ஒரு மனிதன் கூரையில் ஏறினால் ஓடு நொறுங்கும், சீற் வெடிக்கும், சிலாகை முனகும். அப்படிச் சந்தேகம் வந்தால் கதவைத் திறந்து வெளியே போய்ப் பார்க்க வேண்டாம். உள்ளே இருந்தபடியே அயலவரைக் கூப்பிடுங்கள்; பொலிசின் அவசர இலக்கம் 119.

அடுத்த நாள் பகலில் எச்சத்தைத் தேடுங்கள். அருவருப்பான வேலைதான், ஆனால் இதைப் போல் உறுதியான சாட்சி வேறில்லை. கூரை எலியின் புழுக்கை அரை அங்குல நீளம், இரண்டு முனையும் கூராக இருக்கும். சுண்டெலியுடையது அரிசி மணியளவு, அல்லது அதிலும் சிறியது. வௌவாலின் எச்சமும் பார்வைக்குச் சுண்டெலியுடையது போலவே இருக்கும், ஆனால் ஒரு குச்சியால் அழுத்தினால் தூளாக உதிரும். உள்ளே பூச்சிச் சிறகுகள் மினுங்கும். எலிப்புழுக்கை அப்படி உதிராது. ஒரு முனையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் அது பல்லி. கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

எலி தினமும் ஒரே வழியில் போய் வருவதால் வளையிலும் சுவர் மேட்டிலும் எண்ணெய் பிரண்டது போன்ற கறுத்த தடம் விழுந்திருக்கும். சந்தேகமான இடத்தில் சலித்த சாம்பலையோ பழுதான மாவையோ மெல்லியதாகத் தூவி விட்டுக் காலையில் பாருங்கள். கால் தடமும் நடுவே வால் இழுபட்ட கோடும் இருந்தால் ஆள் யார் என்பது முடிந்தது. மூஞ்சூறு என்றால் விட்டுவிடுங்கள். அது கூரையில் ஏறுவது குறைவு. பூச்சிகளைத் தின்று எமக்கு உதவி செய்வது.

எங்கள் கூரைகளில் குடியிருப்பது பெரும்பாலும் கூரை எலிதான். உடலை விட வால் நீளம்; காது பெரிது; ஏறுவதில் வலு கெட்டி. பனை, தென்னை, முருங்கை எல்லாவற்றிலும் ஏறும், கம்பி வழியே நடக்கும். நிலத்தில் வளை தோண்டும் அகழானும் பெருச்சாளியும் வேறு இனம். அவை கோடிப்புறத்திலும் வயல் வரம்பிலும் இருப்பவை. பொறியை எங்கே வைப்பது, எதை அடைப்பது என்பதெல்லாம் இந்த வேறுபாட்டில்தான் தங்கியிருக்கிறது. கூரை எலிக்கு நிலத்தில் பொறி வைத்து ஒரு மாதம் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஏன் மாரியில் வருகிறது? மழைக்கு வெளியே இருந்த பொந்துகளில் தண்ணீர் நிற்கும். அது முடிந்து காலபோக அறுவடை வந்தால் வயலில் தீனி குறையும், வீட்டிலோ நெல் மூட்டை வந்து சேரும். ஒரு பெண் எலி சினைப்பட்டு மூன்று கிழமை அளவில் ஐந்து, ஆறு, சில வேளை எட்டுக் குட்டி போடும். அந்தக் குட்டிகள் மூன்று மாதத்தில் தாங்களும் குட்டி போடத் தொடங்கிவிடும். எனவேதான் மாதத்துக்கு இரண்டு எலியை அடித்துக்கொண்டிருப்பதால் ஒன்றும் தீர்வதில்லை. வரும் வழியை அடைக்க வேண்டும்.

அந்த வழி எங்கே இருக்கிறது என்பதற்கு வருவோம். அரை அங்குல ஓட்டை இருந்தால் எலி நுழைந்துவிடும். சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் ஓட்டையே போதும். 2012 முதல் இந்திய வீட்டுத் திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா கட்டம் கட்டமாகத் தரப்பட்டு, பயனாளிகள் தாமே நின்று கட்டிய வீடுகளை நீங்கள் அறிவீர்கள். சாமான் விலை ஏற ஏறக் காசு போதாமல், கூரை போட்டவுடன் கையை விட்டவர்கள் பலர். சுவருக்கும் சீற்றுக்கும் இடையிலுள்ள இடைவெளி, முகட்டுப் பக்கத்து முக்கோணச் சுவர், சீலிங் அடிக்காத அறை: இந்த மூன்றும் அப்படியே நின்றுவிட்டன. குடியிருப்பதற்கு அது ஒரு குறையாகத் தெரிவதில்லை. எலிக்கு அது திறந்த படலை.

பகலில் ஒரு அறையின் கதவு யன்னலைச் சாத்தி இருட்டாக்கிக்கொண்டு மேலே பாருங்கள். வெளிச்சம் எங்கெல்லாம் கீறாக வருகிறதோ அங்கெல்லாம் வழி. ஒவ்வொன்றுக்கும் நேரே கீழே சுவரில் ஒரு சோக்குக் கோடு போட்டு வையுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்துவிட்டால், பிறகு மேசனையோ அயலில் உள்ள தம்பியையோ கூப்பிட்டு வேலை செய்விக்கும்போது அரை நாளில் முடியும். கூலியும் குறையும்.

அலைச் சீற்றின் வளைவுகளுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள துவாரங்களைச் சீமெந்துக் கலவையால் நிரப்புங்கள். பெரிய இடைவெளிக்குக் கால் அங்குலக் கண் உள்ள இரும்பு வலையை வெட்டி ஆணி அடியுங்கள். காற்றும் வரும், எலி வராது. நுளம்பு வலை, றெஜிபோம், பழைய துணி, மட்டை எல்லாம் ஒரு இரவுக்குக்கூட நிற்காது. அதன் முன்பல் சாகும் வரை வளர்வது. கொறித்துத் தேய்த்தே ஆக வேண்டும். குழாயும் வயரும் சுவருக்குள் நுழையும் சிறு ஓட்டைகளில் சட்டி மினுக்கும் கம்பிச் சுருளை இறுக்கி அடைந்துவிட்டு மேலே சீமெந்து பூசலாம். ஓட்டு வீடு என்றால் விலகிய ஓடுகளையும் முகட்டோட்டின் இரண்டு நுனிகளையும் பாருங்கள். அநேகமாக அங்கேதான்.

கிடுகு, பனையோலைக் கூரையில் இருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது என்பது எமக்குத் தெரியும். ஓலையை அடைக்க முடியாது. நீங்கள் செய்யக்கூடியது, தீனியை எடுத்துவிடுவதும் கூரைக்கு ஏறும் வழிகளை வெட்டுவதும்தான். பழைய ஓலையை மாற்றும்போது முழுவதையும் இறக்கிவிட்டு வேயுங்கள். பழையதன் மேல் புதியதைப் போட்டால் இடையில் உள்ள கூடு அப்படியே இருக்கும்.

கூரையைத் தொடும் முருங்கைக் கிளை, பூவரசு, கொடி கட்டிய கயிறு எல்லாவற்றையும் கூரையிலிருந்து ஆறடியாவது விலகும்படி வெட்டுங்கள். வளவில் நிற்கும் தென்னைக்கு ஆளுயரத்துக்கு மேல் ஒரு முழ அகலத் தகரம் சுற்றி விட்டால் எலி வழுக்கும், குரும்பையும் தப்பும். ஆனால் பக்கத்து மரத்தின் ஓலை அதில் முட்டிக்கொண்டிருந்தால் தகரத்தால் பயனில்லை.

கூரையில் ஏறுவது பற்றி ஒரு வார்த்தை. அஸ்பெஸ்டஸ் சீற்றின் நடுவில் கால் வைக்காதீர்கள். அது திடீரென்று முறியும். பலகை போட்டு, ஆணி அடித்த கோட்டின் மேல்தான் பாரத்தைக் கொடுக்க வேண்டும். ஏணியைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். சீற்றை வெட்டவோ துளைக்கவோ வேண்டி வந்தால் தண்ணீர் ஊற்றி நனைத்துச் செய்யுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கெடுதி. சீலிங்குக்குள் கை விடுமுன் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள், ஏனெனில் எலி வயரின் தோலை உரித்திருக்கக்கூடும். காரணமில்லாமல் அடிக்கடி ட்ரிப் சுவிச் விழுகிற வீடுகளில் மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு வயரைப் பார்ப்பியுங்கள். பல வருடம் பூட்டிக் கிடந்து இப்போதுதான் திறக்கும் வீடானால், முகட்டில் இனந்தெரியாத இரும்புப் பொருள் ஏதும் கண்டால் தொடாமல் இறங்கிவந்து பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள்.

அடைப்பதற்கு முன் உள்ளே இருப்பவற்றைப் பிடிக்க வேண்டும். இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். உள்ளே வைத்து அடைத்தால் அது குசினிப் பக்கமாக ஓட்டை போடும், அல்லது எட்டாத இடத்தில் செத்து நாறும். அடிக்கும் பொறியோ கூட்டுப் பொறியோ எதுவும் நல்லதுதான். எலி புதுப் பொருளைக் கண்டால் சில நாட்கள் கிட்ட வராது. எனவே முதல் மூன்று நான்கு நாட்கள் பொறியை இழுத்து வைக்காமல், தீனியை மட்டும் வைத்துப் பழக்குங்கள். சுட்ட தேங்காய்ச் சொட்டு, கருவாட்டுத் தலை இரண்டுக்கும் நிகர் வேறில்லை. தின்னத் தொடங்கிய பிறகு ஒரே இரவில் எல்லாப் பொறிகளையும் இழுத்து வையுங்கள். ஒரு பொறி போதாது. அயலில் கேட்டாவது நாலைந்து வையுங்கள். கறுத்த தடம் தெரியும் வளையின் மேல், பொறியைக் கம்பியால் கட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பொறியோடு சேர்ந்து அது சீலிங்குக்குள் விழும். காலை எழுந்ததும் பாருங்கள். உயிரோடு பிடித்ததை அடுத்த வளவில் கொண்டுபோய் விடுவதில் அர்த்தமில்லை; உங்களுக்கு முன்னே வீடு வந்து சேரும், அயலவருடன் பகையும் வரும். செத்ததைச் சொப்பிங் பையைக் கையில் மாட்டிக்கொண்டு எடுத்து ஆழமாகப் புதையுங்கள். ஒட்டும் பசை மட்டையை நாம் சிபாரிசு செய்வதில்லை. பல்லியும் அணிற்குஞ்சும் ஒட்டிக்கொண்டு துடிப்பதைப் பிள்ளைகள் பார்க்க நேரிடும்.

நஞ்சு வேண்டாம். எலிப்பாசாணம் வைத்தால் எலி வெளியே போய்ச் சாகும் என்று கடைக்காரர் சொல்வார். அது எங்கே சாகும் என்று அவருக்கும் தெரியாது, எலிக்கும் தெரியாது. சீலிங்குக்குள் செத்தால் இரண்டு மூன்று கிழமை வீட்டில் இருக்க முடியாது. நஞ்சுண்ட எலியைத் தின்று பூனையும் ஆந்தையும் சாகும். இதைவிட முக்கியமானது, சிறு பிள்ளைகளும் மனம் நொந்த பெரியவர்களும் இருக்கும் வீட்டில் நஞ்சுப் பொருள் இருக்கவே கூடாது. மீதியாக ஒரு பொட்டலம் முகட்டு மூலையில் செருகியிருந்தால் இன்றைக்கே எடுத்து, பிள்ளை, கோழி, கிணறு எட்டாத இடத்தில் ஆழப் புதைத்துவிடுங்கள். மின்கம்பி இழுத்து எலி பிடிப்பதும் அவ்வாறே. பன்றிக்குக் கட்டிய கம்பியில் மனிதர் செத்த செய்திகளை நாம் எத்தனை முறை கேட்டுவிட்டோம்.

பூச்சி உருண்டை போடுவதும், சத்தம் எழுப்பும் மின்கருவி வாங்குவதும் காசுக்குக் கேடு. பூனை வளர்ப்பது நல்லது, சுண்டெலி குறையும்; ஆனால் சீற்றுக்கும் சீலிங்குக்கும் இடையில் பூனையால் போக முடியாது.

அணில், வௌவால், மரநாய் என்றால் பிடிக்க வேண்டாம், கொல்லவும் வேண்டாம். அவை வெளியே போகும் நேரம் பார்த்து வழியை அடைத்தால் போதும். அணிலுக்கு நடுப்பகல், மற்ற இரண்டுக்கும் நன்றாக இருட்டிய பின். குட்டிகளின் குரல் கேட்டால் ஒரு மாதம், மரநாய் என்றால் இன்னும் சற்றுக் கூட, பொறுத்திருந்து அடையுங்கள். தாயை வெளியே வைத்து அடைத்தால் அது ஓட்டைப் பிரித்துக்கொண்டு வரும்.

எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும். சாரை கூரைக்கு ஏறினால் பயப்பட ஒன்றுமில்லை. கட்டுவிரியன் அப்படி அல்ல. கறுத்த உடலில் மெல்லிய வெள்ளைக் கோடுள்ள அந்தப் பாம்பு இரவில், நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த இடம் பெரிதாக வலிக்காது, வீங்காது, அதனால்தான் பலர் காலை வரை பார்த்திருந்து உயிரை விடுகிறார்கள். நிலத்தில் படுப்பவர்கள் நுளம்பு வலையைப் பாயின் கீழ் செருகிப் படுங்கள். இரவில் ஏதோ கடித்தது போலிருந்து, கண் இமை சோர்ந்தாலோ வயிறு வலித்தாலோ கட்டுப் போட்டு நேரம் கழிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எலிக்காய்ச்சல் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2008இல் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது பரவியபோது உயிரிழப்புகளும் நேர்ந்தன. கிருமி எலியின் சிறுநீரில் இருந்து தண்ணீருக்கும் ஈர மண்ணுக்கும் வந்து, கால் வெடிப்பு, சிறு காயம், கண், வாய் வழியாக உடம்புக்குள் போகிறது. வயலில் இறங்குபவர்களுக்கே ஆபத்து அதிகம். வீட்டில், கூரைத் தண்ணீரைத் தாங்கியில் பிடிப்பவர்கள் முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். குடிப்பதைக் கொதிக்க வையுங்கள். கடும் காய்ச்சலுடன் கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு இருந்தால் பனடோலோடு நிற்க வேண்டாம். வயல் வேலை செய்கிறவர் என்றும் வீட்டில் எலி இருக்கிறது என்றும் வைத்தியருக்கு மறக்காமல் சொல்லுங்கள். வயலில் இறங்குமுன் எடுக்கும் தடுப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம்.

புழுக்கை கிடக்கும் இடத்தை ஒருபோதும் உலர்ந்தபடி கூட்டாதீர்கள், தூசு மூக்குக்குள் போகும். யன்னலைத் திறந்து வைத்து, மூக்கு வாயைத் துணியால் கட்டி, ஒரு பங்கு குளோரின் திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊற விட்டு, பழந்துணியால் வழித்தெடுத்துப் புதையுங்கள்.

இனி, இந்தப் பக்கத்தில் நாம் மிகவும் சொல்ல விரும்பிய விடயம். எலி கூடு கட்டுவது கடதாசியில். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், காணாமல் போனவருக்காக மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் காணாமல் போனோர் அலுவலகத்திலும் கொடுத்த முறைப்பாட்டின் பற்றுச்சீட்டு, அவருடைய ஒரே படம்: இவற்றை எல்லாம் பத்திரம் என்று நினைத்து நாங்கள் செருகி வைக்கும் இடம் முகட்டு வளை, பரண், சுவர் மேடு. எலி வந்து போகும் பாதையும் அதுவேதான். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து இடுப்பில் கட்டிக்கொண்டு காப்பாற்றிய கடதாசி, சொந்த வீட்டுக் கூரையில் தூளாகிப் போகக்கூடாது. போரில் பதிவேடுகளும் அழிந்த இடங்களில் உங்கள் கையில் இருப்பதே ஒரே பிரதியாகவும் இருக்கலாம்.

எனவே இன்றைக்கே இறக்குங்கள். பொலித்தீன் உறையில் இட்டு, மூடி இறுகும் பிஸ்கற் பேணியிலோ இரும்புப் பெட்டியிலோ வையுங்கள். பிளாஸ்ரிக் பெட்டியைக் கொறித்துவிடும். ஒவ்வொன்றையும் கைபேசியில் படம் எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். போட்டோப் பிரதி ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், சான்றிதழ்களின் பதிவு இலக்கம், முறைப்பாட்டு இலக்கம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் மூலம் அழிந்தாலும் பிரதி கேட்க வழி உண்டு.

ஏற்கனவே கொறித்துவிட்டது என்றால் மிச்சத்தை எறிந்துவிட வேண்டாம். செலோரேப் ஒட்டவும் வேண்டாம், அது காலப்போக்கில் எழுத்தைத் தின்னும். துண்டுகளைத் தட்டையாகப் பரப்பி இரண்டு பொலித்தீன் தாளுக்கு நடுவில் வையுங்கள். இலக்கமோ திகதியோ ஒன்று தெரிந்தாலும் போதும். பிறப்பு, இறப்பு, விவாகச் சான்றிதழ்ப் பிரதிக்கும் காணி அனுமதிப்பத்திரத்துக்கும் பிரதேச செயலகத்துக்கு, உறுதிக்குக் காணிப் பதிவகத்துக்கு அந்தத் துண்டையும் எடுத்துக்கொண்டு போகலாம். தனியே போகத் தயக்கமாக இருந்தால் உங்கள் மாதர் சங்கத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.